சட்டை மைக்கும் சரக்கு விலையும்

எங்கள் கடையில் நடந்த ஒரு சின்னத் தகராறிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

காலையில் சரக்கு இறங்கியதும் செல்போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து, வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது இப்போது நம்மில் பலருக்கும் பழக்கமாகி விட்டது. அன்றைக்கு நானும், "பெரிய வெங்காயம் இரண்டு கிலோ எழுபது ரூபாய்" என்று சொல்லிப் போட்டேன். பதினோரு மணி சுமாருக்கு ஒரு அம்மா வந்து இரண்டு கிலோ நிறுக்கச் சொல்லி, அறுபது ரூபாயை நீட்டினார்கள். "எழுபதுங்கம்மா" என்றேன். "அண்ணே, நீங்கதானே அறுபதுன்னு சொன்னீங்க" என்று செல்போனை எடுத்துப் போட்டே காட்டி விட்டார்கள். காது கொடுத்துக் கேட்டேன். எனக்கே அறுபது என்றுதான் கேட்டது! தலைக்கு மேல் மின்விசிறி, வாசலில் பல்லாவரம்–குன்றத்தூர் சாலையில் போகும் பஸ், இரண்டுக்கும் நடுவே என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

அறுபதே வாங்கிக் கொண்டேன். பத்து ரூபாய் பெரிதில்லை. "வீடியோவிலே ஒரு விலை, கடையிலே ஒரு விலை" என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பி விட்டால் அதை அடக்க எத்தனை மாதம் ஆகும் என்பது கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து கொடுக்கிற செயலிக் கம்பெனிகளுக்கு எதிரே நம்மிடம் இருப்பது நம் முகமும், நாம் சொல்லும் சொல்லும்தான். அந்தச் சொல்லே மாறிக் கேட்டால் என்ன செய்வது?

அந்த வாரமே ரிச்சி தெருவுக்குப் போய், சட்டையில் கவ்விக் கொள்ளும் வயர்லெஸ் மைக் ஒன்று வாங்கி வந்தேன். வாங்கியதோடு தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. அதைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதப் பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தூரம்தான் எதிரி

செல்போனிலேயே மைக் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போனில் இருப்பது மோசமான மைக் அல்ல. அது இருக்கிற இடம்தான் கோளாறு. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் நம் குரல் 6 டெசிபல் குறைந்து போய்ச் சேருகிறது. ஆனால் மின்விசிறி, பிரிட்ஜ், சாலை ஆகியவற்றின் இரைச்சல் அப்படிக் குறைவதில்லை. கடை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிறைந்திருக்கிறது. நான்கு அடி தள்ளிப் போனை வைத்துப் பேசும்போது குரலும் இரைச்சலும் சரிக்குச் சரி மல்லுக்கு நிற்கின்றன. அதே மைக்கை மார்புக்குக் கொண்டு வந்து, வாயிலிருந்து ஒரு சாணில் வைத்தால் குரல் மட்டும் சுமார் 15 டெசிபல் உயர்கிறது; இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சட்டை மைக்கின் ரகசியம் இவ்வளவுதான். வேறு மந்திரம் எதுவும் அதில் இல்லை.

இத்தனை சிறிய மைக் சாத்தியமானதே 1962-ஆம் ஆண்டுக்குப் பிறகுதான். அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் ஜெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவர், மின்னூட்டத்தை நிரந்தரமாகப் பிடித்து வைத்துக் கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைக் கொண்டு எலக்ட்ரெட் மைக்கை உருவாக்கினார்கள். உளுந்துப் பருப்பு அளவுள்ள மைக் மலிவாகக் கிடைப்பதற்கு அதுவே வழி திறந்தது.

மாட்டும் இடம் சட்டைப் பொத்தான் பட்டியில், மோவாய்க்கு ஒரு சாண் கீழே, நடுவில் இருக்க வேண்டும். காலருக்குள் தாடைக்கு அடியில் ஒட்டி வைக்காதீர்கள். சொற்களைப் பிரித்துக் காட்டும் கூர்மையான ஓசைகள் வாயிலிருந்து நேராக முன்னால் போகிறவை. தாடை நிழலில் அவை மங்கி, மந்தமாகக் கேட்கும். ஒரு பக்கக் காலரில் மாட்டினால், நாம் மறுபக்கம் தலையைத் திருப்பும்போதெல்லாம் குரல் குறையும். நம் ஆட்கள் தராசுப் பக்கம் திரும்பித்தான் விலை சொல்லுவார்கள்! புடவை கட்டுகிறவர்கள் தோள் மடிப்பில் மாட்டாமல் கொஞ்சம் இறக்கி, மார்பின் நடுப்பக்கமாக வரும்படி மாட்டினால் நல்லது. தாலிச் சங்கிலி மைக்கில் இடிக்கக் கூடாது. தோளில் துண்டு, பையில் பேனா, கழுத்தில் சங்கிலி மூன்றும் மைக்குக்கு ஆகாது. உரசினால் "கர கர" என்று வரும் சத்தம் பதிவில் இடி மாதிரி கேட்கும். விறைப்பான பாலியஸ்டர் சட்டையை விடப் பழைய பருத்திச் சட்டை உரசல் குறைவு.

மைக்கோடு கொடுக்கிற பஞ்சு உறையைக் கழற்றி எறிந்து விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அழகுக்காகக் கொடுத்ததல்ல அது. மின்விசிறிக் காற்றும், "ப" என்று சொல்லும்போது வாயிலிருந்து வெடிக்கும் காற்றும் மைக்கில் நேராக மோதாமல் தடுப்பது அதன் வேலை. நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. கோதுமை மாவு, மிளகாய்த்தூள் பறக்கிற இடத்தில் உறையில்லாத மைக்கின் துளை சீக்கிரம் அடைத்துப் போகும். பஞ்சை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள். வாயால் "புஸ், புஸ்" என்று ஊதியும், விரலால் தட்டியும் சோதிக்கிற கல்யாண மண்டபப் பழக்கத்தை விட்டு விடுங்கள். பேசித்தான் சோதிக்க வேண்டும்.

முதல் எழுத்தைத் தின்கிற பொத்தான்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நம் தமிழ் எண்களைக் கொஞ்சம் சொல்லிப் பாருங்கள். இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது. எல்லாம் "பது"வில் முடிகின்றன. பேச்சில் இன்னும் மோசம்: இருவது, அறுவது, எழுவது. விலை எது என்று காட்டுவது சொல்லின் தலைப்பகுதி மட்டும்தான். வால் கேட்டுப் பயனில்லை. அந்தத் தலைப்பகுதி கொஞ்சம் மங்கினால் பத்து ரூபாய், இருபது ரூபாய் வித்தியாசம்.

புது மைக்குகளில் பெரும்பாலும் இரைச்சலைக் குறைக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அழுத்தினால் பச்சை விளக்கு எரியும். நானும் ஆசையாக எப்போதும் அழுத்தியே வைத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம் மாயமாக மறைந்தது. ஆனால் விலைகள் மறுபடி மாறிக் கேட்க ஆரம்பித்தன! பிறகுதான் புரிந்தது. அந்தப் பொத்தான் செய்கிற வேலை, எது பேச்சு, எது இரைச்சல் என்று ஊகித்து, இரைச்சலை அடக்குவது. நாம் பேசாமல் இருக்கும்போது கதவைச் சாத்தி வைக்கிறது; பேச ஆரம்பித்ததும் திறக்கிறது. மலிவான கருவிகளில் அந்தக் கதவு கண் இமைக்கும் நேரம் தாமதித்துத் திறக்கிறது. அந்த நேரத்தில் போய்விடுவது சொல்லின் முதல் எழுத்து. "எழுபது" என்பதில் "எ" போனால் மிச்சம் என்ன?

இதற்கு நான் கண்ட வழி மிக எளிது. எண்ணை முதலில் சொல்லாதீர்கள். மூச்சு விட்டு நிறுத்தி, "எழுபது ரூபாய்" என்று தொடங்காமல், "விலை ரூபாய் எழுபது" என்று ஒரே ஓட்டமாகச் சொல்லுங்கள். கதவு "விலை"யில் திறந்து விடும். எண் முழுசாக உள்ளே போகும். பிறகு இன்னொரு தடவை சொல்லுங்கள். சிலேட்டில் எழுதியும் காட்டுங்கள்.

அந்தப் பொத்தான் வேண்டவே வேண்டாமா? மின்விசிறி, பிரிட்ஜ் மாதிரி ஒரே சீராக ஓடுகிற சத்தத்தை அது நன்றாகப் பிடிக்கிறது. ஹார்ன், பக்கத்துக் கடைப் பேச்சு போல மாறிக்கொண்டே இருக்கும் சத்தத்தை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. என் யோசனை: ஒரு நிமிடம் மின்விசிறியை நிறுத்துங்கள், பொத்தானைத் தொடாதீர்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற நம் பம்மல்காரர்களுக்கு விமானம்தான் பெரிய தொல்லை. அதற்கு மைக்கில் மருந்தில்லை. போகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

கல்லாவில் இருக்கும் பணம் வந்ததைச் சொல்லும் பெட்டியையும் மறக்க வேண்டாம். நான் "துவரம் பருப்பு விலை ரூபாய்" என்று இழுக்கிற அதே நேரத்தில் அது "நூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று கணீரென்று அறிவித்தது. என் குரலை விட அதன் உச்சரிப்பு சுத்தம். பதிவு முடிகிற வரை அதன் சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.

அடுத்தது ஒலி அளவு. நாம் கூவி விற்றுப் பழகியவர்கள். மைக்கின் அளவை அதிகமாக வைத்துக்கொண்டு கூவினால் குரல் உடைந்து, கிழிந்த பறை மாதிரி ஆகி விடும். மெதுவாகப் பதிவானதைப் பிறகு கூட்டிக் கொள்ளலாம். உடைந்து பதிவானதை ஒட்ட வைக்கும் வித்தை இல்லை. ஆகவே நீங்கள் எவ்வளவு உரக்கப் பேசுவீர்களோ அவ்வளவு உரக்கப் பேசிப் பார்த்து, அதற்கு உடையாத அளவில் வைத்துக் கொள்ளுங்கள்.

நடுநடுவே அறுந்து போவது

இந்த மைக்குகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில் வேலை செய்கின்றன. உரிமம் எடுக்காமல் யாரும் பயன்படுத்த மத்திய அரசு 2005-இல் அனுமதித்த பட்டை அது. அதனால்தான் அங்கே ஒரே கூட்டம். வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே சந்தில்தான் நடமாடுகின்றன. படம் எடுக்கும் போனில் ஹாட்ஸ்பாட்டை அணைத்து விடுங்கள். வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசாதீர்கள்.

அதைவிடப் பெரிய தடை நம் உடம்பு. மனித உடம்பில் தண்ணீர் அதிகம். இந்த அலையை அது உறிஞ்சிக் கொள்கிறது. அட்டைப் பெட்டியில் ஐம்பது மீட்டர் என்று போட்டிருப்பது, நடுவில் எதுவும் மறைக்காத வெட்டவெளிக் கணக்கு. மைக் மார்பில் இருக்க, போனுக்கு முதுகைக் காட்டி ரேக்கில் எண்ணெய் டின்னை எடுக்கப் போனால், அலை உங்கள் உடம்பைத் தாண்டித்தான் போக வேண்டும். பழைய காலத்து வயர்லெஸ் மைக் என்றால் கொரகொரவென்று இரைந்து எச்சரிக்கும். இப்போதையது சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு சொல்லை விழுங்கி விடும். பதிவு செய்தவருக்கே தெரியாது. சரக்கை முன்கூட்டியே மேஜை மேல் எடுத்து வைத்துக்கொண்டு, போனைப் பார்த்தே பேசுவது உத்தமம்.

வாங்கும்போது உங்கள் போனின் சார்ஜர் துளை எந்த வகை என்று பார்த்து அதற்கேற்ற ரிசீவர் வாங்குங்கள். வயரோடு வரும் மைக் என்றால், செல்போனுக்கு உரிய முனையில் மூன்று வளையங்கள் இருக்கும். இரண்டு வளையம் உள்ளது கேமராவுக்கு. ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். நாமே பில் இல்லாமல் வாங்கினால் நன்றாகவா இருக்கும்?

இதே மைக்கைச் சங்கக் கூட்டத்தில், மே 5 வணிகர் தின மேடையில் பயன்படுத்தலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம் என்பது என் கருத்து. சட்டை மைக் பெரும்பாலும் எல்லாத் திசையிலிருந்தும் ஓசையை வாங்குகிற வகை. ஒலிபெருக்கியில் வரும் சத்தத்தையே திரும்ப வாங்கி, மறுபடி பெருக்கி, "ஊய்" என்று ஊளையிடும். வாய்க்கு அருகே பிடிக்கும் கை மைக்தான் மேடைக்கு ஏற்றது. சட்டை மைக்தான் வேண்டுமென்றால் ஸ்பீக்கர் பெட்டிகள் பேசுகிறவருக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். புளூடூத் ஸ்பீக்கரில் இணைத்தால் குரல் ஒரு நொடியில் ஒரு பங்கு தாமதித்து வரும். பேசுகிறவர் நாக்குத் தடுமாறுவார். கடை வாசலில் ஒலிபெருக்கி கட்டுவதென்றால், 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

மைக்கால் ஆகாத ஒன்றும் உண்டு. நம் ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) சுகுண விலாச சபையை 1891-இல் தொடங்கினார். அந்த நாளில் நாடக மேடையில் மைக் ஏது? கடைசி வரிசைக்காரருக்கும் புரிய வேண்டுமென்றால் நடிகர் வாயைத் திறந்து, எழுத்து எழுத்தாகச் சொல்லியாக வேண்டும். நாமோ விலையை மட்டும் அவசரமாக முழுங்கி விடுகிறோம். எத்தனை ஆயிரத்துக்கு மைக் வாங்கினாலும், வாயிலிருந்து வராத எழுத்து அதில் பதிவாகாது.

கடைசியாக, நான் வாரம் ஒருமுறை செய்கிற ஒரு சோதனை. பத்துச் சாமான்களின் விலையைப் பதிவு செய்து, விலை தெரியாத ஒருவரிடம் கொடுப்பேன். என் வீட்டில் ஒன்பதாவது படிக்கிற பையன்தான் பரீட்சைக்காரன். ஹெட்போன் இல்லாமல், போனின் சொந்த ஸ்பீக்கரில், அடுப்படியில் மிக்ஸி ஓடும்போது கேட்டு, பத்து விலையையும் எழுதித் தர வேண்டும். நம் வாடிக்கையாளர் அப்படித்தானே கேட்கிறார்? முதல் வாரம் பத்துக்கு ஆறு தேறியது. போன வாரம் ஒன்பது. தவறியது கொத்தமல்லி விதை. அந்த இடத்தில் விமானம் போயிருக்கிறது, நான் காத்திருக்கவில்லை.