ராசம்மா என்ற ருக்மணி தேவி

சிங்களத் திரையின் முதல் கதாநாயகி யார்? "ருக்மணி தேவிதானே" என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். சரி, பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் தெரியுமா? டெய்சி ராசம்மா டேனியல்ஸ்! நம்ம மலையகத்து றம்பொடையில் பிறந்த, கொழும்புச் செட்டிக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. மேடையேறியதும் ராசம்மா மறைந்தார், ருக்மணி தேவி பிறந்தார். 1947இல் முதல் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ' அவரைக் கதாநாயகியாகக் கொண்டு வந்தது. அதைத் தயாரித்த எஸ்.எம். நாயகம் தமிழர்தான். அப்படியிருக்க, ராசம்மாவாகவே அவர் திரைக்கு வந்திருக்கக்கூடாதா என்று மனசு கேட்கத்தான் செய்கிறது. இனி அவர் பாடிய பாட்டு வானொலியில் ஒலித்தால், பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: பாடுவது நம்ம றம்பொடை ராசம்மா.