கணக்கில் விழுந்த காசு யாருடையது?

வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைத் தேயிலைத் தோட்டத்து வீடுகளில் பெரும்பாலும் படித்துச் சொல்வது பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். ஆங்கிலத்தில் வந்திருக்கும், தொகையை மட்டும் கேட்டுக்கொண்டு அம்மா மலைக்குப் போய்விடுவார். 2023இல் அஸ்வெசும என்ற அரசு உதவித் திட்டம் தொடங்கிய பிறகு இது இன்னும் கூடியது. குடும்பத்தின் நிலையைப் பார்த்து 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று நான்கு படியாக வகுத்து, அரசு அந்த உதவியை நேரே கணக்கில் போட்டது. அதுவரை வங்கிப் பக்கமே போகாதவர்களும் அதற்காகப் புத்தகம் திறந்தார்கள். கொழும்பில் கடையில் நிற்கும் மகனும், குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகளும் அனுப்புவதும் அதே கணக்குக்குத்தான் வருகிறது. அப்படிப்பட்ட கணக்கில் ஒரு நாள், யார் போட்டதென்று தெரியாமல் ஐம்பதாயிரம் ரூபா விழுந்தால் எடுக்கலாமா?

"பேங்க் விட்ட பிழைக்கு நான் என்ன செய்வது?" என்ற கேள்விதான் முதலில் வரும். அதைப் பேராசை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. நாட்கூலி 1,350 ரூபா ஆவதற்கு 2024 செப்டெம்பர் வரை காத்திருந்த மக்கள் இவர்கள். கொழுந்து குறைந்த நாளில் செக்ரோலில், அதாவது வரவுப் பதிவில், அரைப் பேர்தான் விழும்; கூலியும் பாதிதான். நிறுக்கும் இடத்தில் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோ கழியும். கழித்ததை யாரும் திருப்பித் தந்ததில்லை. அப்படிப்பட்டவர்களிடம் மட்டும் நேர்மையை எதிர்பார்ப்பது எந்த நியாயம் என்று கேட்டால், கேள்வி சரியானதுதான். ஆனால் அந்தக் கிலோ ஏன் வலிக்கிறது? நாம் பறித்தது இன்னொருவர் கணக்கில் போய்விடுகிறது என்பதால். தவறி வந்த பணத்திலும் பார்க்க வேண்டியது அதுதான்: இது யாருடைய கணக்கிலிருந்து குறைந்தது? வங்கி பெரிதா, நாம் சிறியவர்களா என்பது அதற்குப் பிறகுதான்.

பிழை எல்லாம் ஒரே மாதிரி இல்லை. வங்கியே செய்யும் பிழை ஒரு வகை. 2023 செப்டெம்பரில் சென்னையில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவரின் கணக்கில் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி 9,000 கோடி இந்திய ரூபாயைத் தவறுதலாக வரவு வைத்தது. அவர் ஏமாற்று வேலையோ என்று சந்தேகப்பட்டு, உண்மைதானா என்று பார்க்க நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பினார், பணம் போய்விட்டது. சிறிது நேரத்தில் வங்கி மீதியைத் தானே திரும்ப எடுத்துக்கொண்டது. அந்த 21,000 பற்றி இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. அதே ஆண்டு நவம்பரில் இந்தியாவின் யூகோ வங்கியில், ஏறக்குறைய 820 கோடி ரூபாய் பலருடைய கணக்குகளில் தவறாகப் போய் விழுந்தது. முதல் சில நாட்களில் 649 கோடியை மீட்டார்கள். மற்றதைத் தேடி அலைய வேண்டியிருந்தது. இந்த வகையில் வங்கிக்குப் பதிவேடு இருக்கிறது, கணினி இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார். உங்களுக்காக அது காத்திருக்காது.

இன்னொரு வகைதான் நம் ஊருக்கு நெருக்கமானது. என் கவலையும் அதில்தான். 2015 முதல் இலங்கையில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குச் சில நொடிகளில் பணம் அனுப்பலாம். அந்த வேகத்தில் பெயரைவிடக் கணக்கு எண்தான் வேலை செய்கிறது. ஓர் இலக்கம் மாறினால் மஸ்கெலியாவில் இருக்கும் தாய்க்குப் போக வேண்டியது பொகவந்தலாவையில் யாரோ ஒருவருக்குப் போய்விடும். பிழை அனுப்பியவருடையது என்றால், பெற்றவரின் சம்மதம் இல்லாமல் வங்கி அதை எடுத்துக் கொடுப்பது பொதுவாக நடப்பதில்லை. தொலைபேசியில் அழைத்துக் கேட்கும். அங்கே "பேங்க் காசு" என்று எதுவும் இல்லை. இருப்பது ஒரு பிள்ளையின் மாதச் சம்பளம், அல்லது ஆஸ்பத்திரிக்கென்று அனுப்பிய காசு. நீங்கள் 'ஆம்' என்றால் அது திரும்பும், இல்லையென்றால் அவர் பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்க வேண்டும். கவுண்டரில் காசாளர் இரண்டு நோட்டுக் கூடுதலாக எண்ணிக் கொடுத்துவிட்டாலும் ஏறக்குறைய இதே கதைதான். மாலையில் குறையும் தொகையை அவரே தன் கையிலிருந்து போட நேர்வது வங்கித் தொழிலில் பழைய வழக்கம்.

சட்டத்தில் பெரிய மர்மம் இல்லை. இலங்கையில் நடைமுறையில் உள்ள உரோமன்-டச்சுச் சட்டத்தின்படி, கொடுக்க வேண்டிய கடமை இல்லாமல் தவறிக் கொடுத்த பணத்தை மீளக் கேட்டு வழக்குப் போடலாம். பிழை என்று தெரிந்த பிறகும் நேர்மையற்று எடுத்துக்கொண்டால், தண்டனைச் சட்டக்கோவையின் 386ஆம் பிரிவின் கீழ்க் குற்றமாகவும் அது பார்க்கப்படலாம். தெரியாமல் செலவழித்தவர் நிலை வேறு. அஸ்வெசும இந்த மாதம் கூடியிருக்கிறது என்று நம்பி அரிசியும் மாவும் வாங்கிய பாட்டியை யாரும் திருடி என்று சொல்ல முடியாது. எல்லாம் அறிவைப் பொறுத்தது: எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகு என்ன செய்தார்.

"தோட்டக் கம்பனி எங்களுக்குத் தர வேண்டியதே எவ்வளவோ" என்பார்கள். நியூயோர்க்கில் இதே வாதம் நீதிமன்றம் வரை போனது. 2020 ஆகஸ்டில் சிட்டி வங்கி, ரெவ்லோன் கம்பனிக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு வட்டி அனுப்பப் போய், ஏறத்தாழ 900 மில்லியன் டொலரை அனுப்பிவிட்டது. சிலர் "எங்களுக்கு வர வேண்டிய முதல்தானே" என்று சுமார் 500 மில்லியனைத் திருப்ப மறுத்தார்கள். 2021இல் கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது; 2022 செப்டெம்பரில் மேன்முறையீட்டில் அது மாறியது, ஏனென்றால் கடன் கட்டும் தவணை அப்போது வந்திருக்கவில்லை. கம்பனியின் பாக்கிக்கு, வழிதவறி வந்த யாரோ ஒருவரின் பணம் ஈடாகாது. கம்பனியே சம்பளத்தைத் தவறிக் கூடப் போட்டிருந்தால் கதை வேறு: பாக்கியோடு நேர்செய்யுங்கள் என்று தொழிற்சங்கத்தின் வழியாக எழுத்தில் கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

செய்ய வேண்டியது சிறிய வேலைதான். பணத்தைத் தொடாமல், புத்தகத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய்ச் சொல்லி, சொன்னதை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: "தவறி அனுப்பிவிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பிப் போடுங்கள்" என்று முகம் தெரியாதவர் போனில் கேட்டால் நீங்களாக அனுப்ப வேண்டாம். மோசடிப் பணத்தைக் கை மாற்ற அப்பாவிகளின் கணக்கைப் பயன்படுத்தும் தந்திரம் அது. எத்தனை அழுதாலும், "உங்கள் வங்கி மூலம் கேளுங்கள்" என்பதே பதில்.

வங்கிக்கும் கடமை உண்டு. தன் பிழையைச் சரிசெய்கிறேன் என்று, விளக்கம் சொல்லாமல் கணக்கையே முடக்கினால், அந்த மாதம் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. தெரியாமல் செலவழித்தவரிடம் தவணையாக வாங்க வேண்டும். ஏன் எடுக்கிறோம் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். கிளை கேட்காவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். நிதியியல் ஒம்புட்ஸ்மனிடமும் முறையிடலாம். அங்கே போகும்போது, பணம் வந்ததும் தெரிவித்ததற்கான முத்திரையிட்ட நகல் கையில் இருந்தால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.