அணுக்கள் அவையே, பொருள் வேறு

‘கதவு’ என்னும் சொல்லின் முதலிரண்டு எழுத்துக்களையும் இடம் மாற்றினால் ‘தகவு’ என்றாகும். எழுத்துக்கள் அவையே, பொருளோ முற்றிலும் வேறு. சேதன இரசாயனத்திலும் இத்தகைய மாற்றம் உண்டு. அணுக்களின் எண்ணிக்கையில் ஒத்து, அவை பிணைந்த ஒழுங்கில் வேறுபடும் சேர்வைகளைக் கட்டமைப்புச் சமபகுதியங்கள் என்பர்.

நான்கு காபன், ஒன்பது ஐதரசன், ஒரு புரோமீன் ஆகிய அணுக்களைக் கொண்டு எத்தனை சேர்வைகள் அமையும்? நேயர்கள் ஒரு நூலில் நான்கு மணிகளைக் கோத்ததாக எண்ணிக்கொள்க. மணிகளே காபன்கள். முனைமணியிற் புரோமீனைத் தொங்கவிட்டால் ஒன்று. அடுத்த மணியில் விட்டால் இன்னொன்று. மூன்றாம் மணியில் விட்டால்? மாணவர் பலர் இடறுமிடம் இதுவே. நூலைத் திருப்பிப் பிடித்தால் மூன்றாவது இரண்டாவதாகிவிடும், நான்காவது முதலாவதாகிவிடும். ஆகவே நேர்ச்சங்கிலி தருவன இரண்டே. சங்கிலியைத் தாளில் வளைத்து வரைந்தாலும் புதுச்சேர்வை பிறவாது; எது எதனோடு பிணைந்துள்ளது என்பதே கேள்வி.

இனிக் கிளைச்சங்கிலி. நடுக்காபன் ஒன்றில் ஏனைய மூன்றும் பொருந்தியிருக்கும். புரோமீன் நடுவில் அமர்ந்தால் ஒன்று. வெளிக்காபன்கள் மூன்றும் ஒத்தனவாதலின், அவற்றுள் எதில் அமர்ந்தாலும் ஒன்றே. ஆக நான்கு. (வலக்கை, இடக்கை போன்ற ஆடிவிம்ப வேறுபாடு தனிக்கதை.)

நான்கும் நிறமற்ற திரவங்கள். கண்ணாற் பார்த்து இனங்காணல் இயலாது. கொதிநிலை ஓரளவு உதவும்: முனையிற் புரோமீன் கொண்ட நேர்ச்சங்கிலி ஏறத்தாழ 101 பாகை சதமத்திலும், நடுவிற் கொண்ட கிளைச்சங்கிலி 73 பாகையிலும் கொதிக்கும். எஞ்சிய இரண்டுமோ ஏறத்தாழ 91 பாகையிற் கொதித்து ஏமாற்றும். அங்கே மதுசாரத்திற் கரைத்த வெள்ளி நைத்திரேற்று துணைசெய்யும். நேர்ச்சங்கிலியின் இரண்டாம் காபனிற் புரோமீன் உடையது சற்றுத் தாமதித்து வெளிர்மஞ்சள் வீழ்படிவு தரும். மற்றையது சூடாக்கிய பின்பே தரும்.

இது பரீட்சைக்கு மட்டுமுரிய கணக்கன்று. இரு காபன், மூன்று ஐதரசன், மூன்று குளோரீன் கொண்ட சேர்வைகள் இரண்டு. மூன்று குளோரீனும் ஒரே காபனில் அமைந்தது 74 பாகையிற் கொதிக்கும். உலோகங்களைத் துப்புரவாக்கவும், தட்டச்சுப் பிழைகளை மறைக்கும் வெண்திரவத்திலும் அது பயன்பட்டது. ஓசோன் படையைச் சிதைப்பதால், 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை 1990இல் இலண்டனில் திருத்தப்பட்டபோது அதுவும் தடைப்பட்டியலில் இடம்பெற்றது. குளோரீன்கள் இரு காபன்களிலும் பகிர்ந்தமைந்த மற்றையது 114 பாகையிற் கொதிக்கும். ஈரலுக்கு முன்னையதினும் மிகக் கொடியது. அணுக்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதி ஒட்டிய புட்டியில் இருப்பது இவ்விரண்டில் எதுவென எவராலும் கூறவியலாது.