ஓய்வுக்கால ஊர் – 6: வெயிலும் புழுக்கமும் குளிரும்

பணி ஓய்வு பெற்றவர்கள் குடியேற ஊர் தேடும்போது, "அங்கே வெயில் எப்படி?" என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். காற்றில் ஈரம் எவ்வளவு, இரவில் சூடு எவ்வளவு தணிகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வெப்பத்தில் உடல் தன் சூட்டை இறக்கப் பெரிதும் நம்பியிருப்பது வியர்வையைத்தான். தோலில் அரும்பும் வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். காற்று ஈரம் கோத்திருந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. வயதாக ஆக வியர்ப்பதும் குறைகிறது, தாகம் எடுப்பதும் குறைகிறது. ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு உடம்பில் நீர் இன்னும் சீக்கிரம் வற்றும்.

சென்னையின் மே மாதம் இதற்குச் சரியான உதாரணம். கடற்காற்று நண்பகலில் உள்ளே வந்துவிட்டால் வெயில் அடங்கும். மேற்குக் காற்று வலுத்து அதைத் தடுத்து நிறுத்தும் நாளில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். அந்தக் கடற்காற்றே ஈரத்தையும் சுமந்து வருவதால், வெப்பமானி இறங்கிய பிறகும் புழுக்கம் போகாது. இரவு பத்து மணிக்கும் தலையணை நனைகிறது. தூக்கம் கெட்ட உடல் மறுநாள் வெயிலை அரைகுறையாகவே தாங்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். தாழ்வான பகுதியில் தரைத்தள வீடு எடுக்கும் முதியவர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்துவிடக் கூடாது.

கோவையை ஓய்வுக்கால ஊராகப் பலர் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஓர் இடைவெளி. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விலகி நிற்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே புகுந்து ஜூன் முதல் கொங்குச் சமவெளியில் வீசுகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இதே காற்றுதான். மழையைக் கேரளமும் மலைச்சரிவும் வாங்கிக்கொள்வதால் சமவெளிக்கு வருவது பெரும்பாலும் காற்றும் தூறலும் மட்டுமே. கடல் மட்டத்துக்கு 400 மீட்டர் மேலே இருப்பதும் கூடுதல் வசதி. ஆனாலும் மார்ச், ஏப்ரலில் கோவையும் நன்றாகவே காயும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் காற்றுக்காலத் தூசி தொல்லை தரும். ஆரியங்காவு கணவாய்க் காற்றும் சாரலும் தென்காசிக்கு இதே போன்ற குளுமையைத் தருகின்றன.

மலையூர் ஆசை தனி. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அதனால்தான் மேட்டுப்பாளையத்தில் வியர்த்து ஏறுபவர் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் ஸ்வெட்டர் தேடுகிறார். அங்கே காற்றழுத்தமும் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறுவதால் இதய நோயாளிகளுக்கு அதிகாலை நடை ஆபத்தானது. ஏறத்தாழ 1,500 மீட்டரில் உள்ள ஏற்காடும், 1,800 மீட்டரில் உள்ள கோத்தகிரியும் முதிய உடலுக்கு ஊட்டியைவிடத் தோதானவை.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை கனமாகப் பெய்யும். துவைத்த வேட்டி மூன்று நாளானாலும் ஈரம் போகாமல் கொடியில் தொங்கும். அலமாரிக்குப் பின்சுவரில் பூஞ்சை கறுப்பாகப் படரும். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவை வெட்டிக் கட்டிய வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் தவிர்ப்பதே நல்லது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை, நிலையம்வாரியாக 30 ஆண்டுச் சராசரிகளை வெளியிடுகிறது. அதில் பகல் உச்சத்தோடு நிறுத்திவிடாமல், இரவின் குறைந்த வெப்பம், காலை 8.30 மணி, மாலை 5.30 மணி ஈரப்பதம், மாதவாரி மழைநாட்கள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். சீசன் நேரத்தில் இரண்டு நாள் தங்கிப் பார்ப்பது எதற்கும் உதவாது. ஊட்டியை ஜூலையிலும் ஜனவரியிலும், சென்னையை மே, நவம்பரிலும், கோவையை ஏப்ரலிலும் பார்க்க வேண்டும்.

இருக்கிற வீட்டை விற்பதற்கு முன், போகும் ஊரில் ஓர் ஆண்டாவது வாடகைக்குக் குடியிருந்து பாருங்கள். அவசரத்துக்கு மருத்துவமனை போகும் வழியும் அப்போதுதான் புரியும்: குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால், ஊட்டியிலிருந்து கோவை மருத்துவமனைக்குப் போகும் ஆம்புலன்ஸ் கோத்தகிரி வழியாகச் சுற்றித்தான் இறங்க வேண்டும்.