நாடே தும்முகிறது!

பிப்ரவரி மாதம் பாதி கழிந்ததும் ஜப்பானில் குளிர் மெல்லக் குறைகிறது. வெயில் எட்டிப் பார்க்கிறது. மலைச் சரிவில் காற்று வீசுகிறது. அப்போது மரங்களின் உச்சியிலிருந்து குபீரென்று மஞ்சள் புகை கிளம்புகிறது. தொலைவிலிருந்து பார்த்தால் காடு பற்றி எரிகிறதோ என்று தோன்றும்.

அது நெருப்புமல்ல, புகையுமல்ல. சுகி மரத்தின் மகரந்தத் தூள்!

காற்றிலே ஏறி வரும் அந்தத் தூள் பல மைல் பறந்து டோக்கியோ நகரத்துக்குள் நுழைகிறது. உடனே தும்மல் தொடங்குகிறது. ஒன்று, இரண்டு அல்ல. அடுக்குத் தும்மல்! மூக்கு ஒழுகுகிறது. கண் அரிக்கிறது. ஏப்ரல் மாதம் வரை இந்தத் தொல்லைதான். இதற்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் 'கஃபுன்ஷோ'. மகரந்த நோய் என்று பொருள்.

எத்தனை பேருக்கு இந்த நோய்? காது, மூக்கு, தொண்டை டாக்டர்களின் குடும்பங்களில் நாடு முழுவதும் கணக்கு எடுத்தார்கள். 1998-ல் 100-க்கு 16 பேருக்குச் சுகி மகரந்தத்தால் தொல்லை இருந்தது. 2008-ல் அது 26 பேருக்கு மேல் ஆயிற்று. 2019-ல் ஏறத்தாழ 39 பேர்! 10 வயது முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளில் பாதிப் பேர் இதில் அகப்பட்டிருந்தார்கள்.

பள்ளி, கல்லூரி நுழைவுத் தேர்வுகள் நடப்பதும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான். ஒரு கையில் பேனா, மறு கையில் கைக்குட்டை! பிள்ளை படும் பாட்டைப் பார்த்துத் தாய் தவிக்கிறாள்.

யார் நட்ட மரம்?

இது தானாக வந்த துன்பம் அல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானின் காடுகள் ஏராளமாக வெட்டப்பட்டன. மலைகள் மொட்டையாயின. மழை பெய்தால் மண் சரிந்தது, வெள்ளம் வந்தது. குண்டு விழுந்து எரிந்துபோன ஊர்களில் வீடு கட்ட மரமும் வேண்டியிருந்தது.

மரம் நடுங்கள் என்றது அரசாங்கம். 1950-ல் நடந்த மரம் நடும் விழாவுக்குச் சக்கரவர்த்தியே வந்தார். மக்கள் மலை மலையாக ஏறி நட்டார்கள். விரைவில் வளர்வதும் நேராக நிமிர்வதும் சுகி மரம். அதனால் அதையே அதிகம் நட்டார்கள். இன்று சுகித் தோப்புகள் மட்டும் சுமார் 44 லட்சம் ஹெக்டேர். ஒரு கோடி ஏக்கருக்கும் மேல்!

1964-ல் வெளிநாட்டு மரம் தடையில்லாமல் வந்து இறங்கியது. அதன் விலை குறைவு. உள்நாட்டு மரத்தை வெட்டுவார் இல்லை. நட்ட கன்றுகள் வளர்ந்து, 30 வயதானதும் மகரந்தத்தைக் கொட்டத் தொடங்கின. தாத்தா நல்லதை நினைத்து நட்டார், பேரன் தும்முகிறான்!

நிக்கோ ஊர் டாக்டர்

டோக்கியோவுக்கு வடக்கே நிக்கோ என்று ஓர் ஊர். 17-ம் நூற்றாண்டில் நட்ட சுகி மரங்கள் அங்கே சாலையின் இரு பக்கமும் சுமார் 35 கிலோ மீட்டருக்கு அணிவகுத்து நிற்கின்றன. அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு 1963-ல் வேலைக்குப் போனார் டாக்டர் சைத்தோ. வசந்த காலம் வந்ததும் மூக்கையும் கண்ணையும் கசக்கிக்கொண்டு நோயாளிகள் வரிசையாக வந்தார்கள். சாதாரண ஜலதோஷம் என்று அவர் விட்டுவிடவில்லை. ஆராய்ந்தார். சுகி மகரந்தமே காரணம் என்று 1964-ல் வெளியிட்டார்.

மகரந்தம் விஷமல்ல. ஆனால் சிலருடைய உடம்பு அதைப் பகைவன் என்று தவறாக எண்ணிவிடுகிறது. விரட்டப் பார்க்கிறது. தும்மலும் கண்ணீரும் அந்த விரட்டல்தான். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

துகளின் குணம்

காட்டை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் வீட்டை மாற்றலாம். அதற்கு முதலில் எதிரியின் குணம் தெரிய வேண்டும்.

ஒரு மில்லி மீட்டர் நீளத்தில் சுமார் 30 சுகித் துகள்களை வரிசையாக வைக்கலாம். கண்ணுக்கு இது சிறிது. ஆனால் காற்றில் மிதக்கும் மற்றத் தூசிகளைப் பார்க்க இது பெரிது, கனமானது. நெடுநேரம் அந்தரத்தில் நிற்காது. அசைவில்லாத அறையில் மெல்ல இறங்கித் தரையில் படிந்துவிடும். யாராவது நடந்தால் மறுபடி எழும்பும். துணியில் ஒட்டும். தலைமுடியில் ஒட்டும்.

இவ்வளவு தெரிந்தால் போதும். பாதி வெற்றி!

வாசலில் காவல்

ஜப்பானியர் வீட்டுக்குள் செருப்புடன் நுழைவதில்லை. வசந்த காலத்தில் இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. வெளியே போய் வந்தவர் வாசலுக்கு வெளியிலேயே நின்று மேல்சட்டையைத் தட்டித் துடைக்கிறார். தொப்பியை உதறுகிறார். கம்பளிச் சட்டையில் துகள் அதிகம் ஒட்டும். ஆகவே அந்த நாட்களில் வழவழப்பான துணியில் மேல்சட்டை போடுகிறார்கள். உள்ளே வந்ததும் கைகால், முகம் கழுவி, வாய் கொப்பளிக்கிறார்கள்.

துவைத்த துணியை வெளியே காயப்போடுவதில்லை. வீட்டுக்குள்தான் கொடி. மெத்தையை மாடிக் கைப்பிடிச் சுவரில் போட்டு வெயில் காட்டித் தட்டுவது ஜப்பானியப் பெண்களின் பழைய வழக்கம். மகரந்தக் காலத்தில் அதற்கும் விடுமுறை! வெயிலில் போட்ட மெத்தை துகளைச் சுமந்துகொண்டு படுக்கைக்கே வந்துவிடும் அல்லவா?

ஜன்னலை மூடினால் போதுமா?

"எல்லா ஜன்னலையும் இழுத்து மூடிவிட்டால்?" என்று கேட்கலாம். அதுவும் ஆபத்து. காற்று ஓடாத வீட்டில் ஈரம் தங்கும். பூஞ்சைக் காளான் பிடிக்கும். மெத்தையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் பெருகும். சமையல் புகையும் புது மரச்சாமான்களின் மருந்து நெடியும் உள்ளேயே சுற்றும். புது வீடுகளில் எந்நேரமும் காற்று மாறுவதற்கு விசிறி வைக்க வேண்டும் என்று 2003-ல் ஜப்பானில் சட்டமே வந்தது.

ஆகவே ஜன்னலைத் திறக்கத்தான் வேண்டும். எப்படித் திறப்பது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம்!

மகரந்தக் காலத்தில் மூன்று அறை வீட்டின் ஜன்னல்களை ஒரு மணி நேரம் அகலத் திறந்து வைத்துச் சோதித்தார்கள். உள்ளே வந்த துகள்கள் சுமார் ஒரு கோடி! ஜன்னலைப் பத்து சென்டி மீட்டர் மட்டும் திறந்து, மெல்லிய வலைத் திரை தொங்கவிட்டால் இது நாலில் ஒரு பங்காகக் குறையும் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கையேடு சொல்கிறது.

நேரமும் முக்கியம். நண்பகலிலும் சூரியன் மறையும் வேளையிலும் துகள் அதிகம். அதிகாலையில் திறப்பது நல்லது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வெயிலும் காற்றும் சேர்ந்தால் மிகவும் எச்சரிக்கை வேண்டும். மழையைச் சொல்வதுபோலவே, இன்று மகரந்தம் எவ்வளவு என்று வானிலை அறிக்கையில் சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் பல வீடுகளில் ஜன்னலைத் தொடுகிறார்கள்.

வலைத் திரையிலும் துகள் தங்கும். அதை அடிக்கடி துவைக்க வேண்டும்.

ஈரத் துணியின் பலம்

இரவெல்லாம் வீட்டில் அசைவில்லை. துகள் எல்லாம் தரையில் இறங்கிக் கிடக்கும். அதனால் காலையில் பிள்ளைகள் ஓடியாடுவதற்கு முன்பே தரையை ஈரத் துணியால் துடைக்கிறார்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூள் மேலே கிளம்பிவிடும். தூசி உறிஞ்சும் இயந்திரமும் பின்பக்கத்துக் காற்றால் தூசியைக் கிளப்பும். எனவே முதலில் ஈரத் துணி, பிறகு இயந்திரம்.

காற்றைச் சுத்தப்படுத்தும் கருவிகளும் பல வீடுகளில் உண்டு. அவற்றிலுள்ள 'ஹெபா' என்ற வடிகட்டி, சுகித் துகளில் நூறில் ஒரு பங்கு பருமனுள்ள தூசியையே 100-க்கு 99.97 வீதம் பிடித்துவிடும். மகரந்தம் அதற்கு எம்மாத்திரம்? ஆனால் ஒன்று. மிதக்கும் துகளைத்தான் கருவி இழுக்கும். கீழே விழுந்த துகளை எடுக்க அதனால் முடியாது. விலை உயர்ந்த கருவி வாங்கிய வீட்டிலும் ஈரத் துணிக்கு வேலை உண்டு!

இவை எல்லாம் மருந்துக்குப் பதில் ஆகா. தொல்லை மிகுந்தவர்கள் டாக்டரிடம் போகிறார்கள். நாக்கின் அடியில் சிறிதளவு சுகி மகரந்தச் சத்தை வைத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சைக்கு 2014 முதல் அங்கே அரசு மருத்துவக் காப்பீடு உண்டு. அதை ஆண்டுக் கணக்கில் விடாமல் செய்ய வேண்டும்.

பொறுமை வேண்டும்

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. மகரந்தம் குறைவாக விடும் சுகிக் கன்றுகளை வளர்க்கிறது. பத்து ஆண்டில் சுகித் தோப்புகளில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைப்பது, சுமார் 30 ஆண்டில் மகரந்தத்தைப் பாதியாக்குவது என்று 2023-ல் திட்டம் போட்டிருக்கிறது.

30 ஆண்டு! இன்று தேர்வு எழுதும் பிள்ளை, தன் பிள்ளையைத் தேர்வுக்கு அனுப்பும் காலம் அது. அதுவரை காட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பழந்துணியும் இருந்தால் இன்று காலையே வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கலாம். ஜப்பானியத் தாய்மார்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.