சராசரி மாந்தனின் கல்வெட்டு

விண்மீன் ஒன்றின் இருப்பிடத்தைப் பலர் அளந்தால் பல விடைகள் வரும். அவற்றின் சராசரியே உண்மைக்கு அண்மையது என்பது வானியலாளர் கைக்கொண்ட நெறி. பெல்சிய வானியலாளர் அடோல்ப் கெட்லே அந்நெறியை விண்ணிலிருந்து மண்ணுக்கு இறக்கினார். 1835-இல் அவர் எழுதிய நூலில் ‘சராசரி மாந்தன்’ பிறந்தான். பின்னர், இசுக்காட்லாந்துப் படைவீரர் 5,738 பேரின் மார்புச் சுற்றளவுகளை வரிசைப்படுத்தினார். அவை ஏறத்தாழ 40 அங்குலத்தைச் சூழ்ந்து மணிவடிவில் குவிந்தன. நடுவில் நிற்பவனே இயற்கை கருதிய செப்பமான வடிவம்; விலகி நிற்போர் அதன் வழுக்கள் என்றார். விண்மீனுக்கு உண்மையான இடம் ஒன்றுண்டு, மார்புக்கு ஏது?

அச்சராசரி மாந்தனுக்கு ஒரு நூற்றாண்டு கழித்துக் கல்வெட்டு எழுதியவர் ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன். 1939 தொடக்கத்தில் அவர் நியூயார்க்கில் குடியேறினார். தொழிலாளர்க்கு அரசு எண் வழங்கத் தொடங்கி மூன்றாண்டுகூட நிறையாத அமெரிக்கா அது. 1940 சனவரியில் வெளிவந்த ‘அறியப்படாத குடிமகன்’ என்னும் அவரது கவிதை, இறந்த குடிமகன் ஒருவனின் நினைவுக் கல்வெட்டாக அமைந்தது; அதில் பேசுவது அரசு. இறந்தவனுக்குப் பெயரில்லை, குறியீட்டெண் உண்டு. புள்ளியியல் துறையும் தொழிற்சங்கமும் கருத்தாய்வாளரும் அவனுக்கு நற்சான்று தருகின்றனர். வானொலி, மகிழுந்து, குளிர்பெட்டி எல்லாம் வைத்திருந்தான். பிள்ளைகளின் எண்ணிக்கைகூட வல்லுநர் வகுத்த அளவே. கவிஞர் ஓரிடத்தும் வாய்திறந்து பழிக்கவில்லை. தொல்காப்பியர் பழிகரப்பு எனப் பெயரிட்ட அங்கத வகைக்கு இதனினும் பொருத்தமான அயல்மொழிச் சான்று கிடைப்பது அரிது.

அக்கவிதை எள்ளிய சராசரி மாந்தன் எங்கும் இல்லை என்பதை அளவுகோலே பின்னர் ஒப்புக்கொண்டது. 1950-இல் அமெரிக்க வான்படை தன் வானோடிகளை அளந்தது. கில்பர்ட் டேனியல்சு என்னும் இளம் ஆய்வாளர் 4,063 பேரின் பத்து உடலளவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நடுவிலுள்ள 30 விழுக்காட்டினரைச் சராசரியர் எனக் கொண்டார். பத்திலும் சராசரியாய் அமைந்தவர் ஒருவருமில்லை. கணக்கும் அதையே சொல்கிறது: அளவுகள் ஒன்றையொன்று சாராதவையெனில், 0.3-ஐப் பத்துமுறை பெருக்க, பத்து இலட்சத்தில் ஆறுபேர்கூடத் தேறார். உயரமும் கைநீளமும் சேர்ந்தே வளர்வதால் வாய்ப்புச் சற்றுக் கூடும். ஆயினும் ஒருவரும் அகப்படவில்லை.

ஆடனின் குடிமகனோ எல்லா அளவிலும் நடுவே நிற்கிறான். கல்வெட்டின் முடிவில் அவனது உரிமையும் மகிழ்ச்சியும் பற்றிய வினா எழுகிறது. அரசு அதைப் பொருளற்றதெனத் தள்ளிவிடுகிறது. குறை இருந்திருந்தால் தன் காதுக்கு எட்டாமலா இருந்திருக்கும் என்பது அதன் வாதம். அந்த வினாவை அதன் படிவம் எதுவும் கேட்டதே இல்லை.