மூக்குக் கண்ணாடி வாங்கும் முன்

பெருநாளுக்குத் துணி எடுப்பதைப் போலவே மூக்குக் கண்ணாடி வாங்குவதையும் நம் வீடுகளில் பலர் எண்ணிக்கொள்கின்றனர். கடைக்குள் நுழைந்ததும் பிரேம்கள் அடுக்கிய அலமாரியின் முன் நின்று, எது முகத்திற்கு எடுப்பாக இருக்கிறது என்று பார்ப்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. இந்த வரிசை மாற வேண்டும். கண் மருத்துவர் தரும் சீட்டு முன்னே வரட்டும். பிரேம் பின்னே வரட்டும்.

நாற்பதைக் கடந்தவர்கள் ஓதும்போது குர்ஆனைச் சற்றுத் தள்ளிப் பிடிப்பதைக் காண்கிறோம். இது நோயன்று. கண்ணின் உள்ளிருக்கும் லென்ஸ் வயது ஏற ஏற இறுகி, அருகிலுள்ள எழுத்தைக் குவித்துக் காட்டும் ஆற்றலை இழக்கிறது. கடைத்தெருவில் ஆயத்தமாக விற்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் எழுத்து தெரியத்தான் செய்யும். ஆனால் அதில் இரு பக்கமும் ஒரே பவர். சிலிண்டர் பவர் இராது. அதைவிடப் பெரிய நட்டம் வேறொன்று. எழுத்து தெரிந்துவிட்டதே என்று மருத்துவரிடம் போகாமலேயே இருந்துவிடுகிறோம். கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய் பெரும்பாலும் வலியின்றியே வளரும். அதனால் இழந்த பார்வை திரும்பாது. அதைப் பரிசோதனையில்தான் கண்டறிய முடியும். சர்க்கரை நோயாளிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் மாறக்கூடும். ஆகவே சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு பவர் பார்ப்பதே முறை. இல்லையேல் இன்று வாங்கிய கண்ணாடி அடுத்த மாதம் உதவாமற் போகும்.

பிள்ளைகளின் விஷயத்திற்கு வருவோம். அரபு எழுத்துக்களில் பே, தே, ஸே மூன்றையும் பிரித்துக் காட்டுவன புள்ளிகள் மாத்திரமே. கரும்பலகையில் அப்புள்ளி தெரியாத பிள்ளை தடுமாறி ஓதுகிறது. அதற்கு மந்தபுத்தி என்று பெயர் சூட்டிவிடுகிறோம். ஆண் பிள்ளையாயின் எப்படியோ மருத்துவரிடம் கொண்டுபோகிறார்கள். பெண் பிள்ளைக்கோ, “இப்போதே கண்ணாடி போட்டால் நாளை மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ” என்று உம்மாவும் வாப்பாவும் தயங்குகின்றனர். வராத மாப்பிள்ளைக்காக வந்த பிள்ளையின் பார்வையைப் பணயம் வைப்பது என்ன நியாயம்? கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும் என்பதும் வீண் அச்சமே. வளரும் வயதில் கண் கோளம் நீள்வதால்தான் மைனஸ் பவர் ஏறுகிறது. கண்ணாடி அதற்குக் காரணமன்று.

ஒரு கண்ணில் மட்டும் பவர் மிகுந்திருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. மூளை அந்தக் கண்ணைப் புறக்கணித்துவிடும். இதனையே சோம்பேறிக் கண் என்பர். மற்றொரு கண்ணால் எல்லாம் தெரிவதால் பிள்ளை முறையிடுவதேயில்லை. ஏழெட்டு வயதுக்குள் கண்டுகொண்டால் பார்வையை மீட்க நல்ல வாய்ப்புண்டு. தாமதமாகும்தோறும் அது கடினமாகிறது. தாய்மார்கள் இன்றே ஒன்று செய்யலாம். பிள்ளையின் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, சுவரிலுள்ள நாட்காட்டியைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணையும் அவ்வாறே பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் காத்திராதீர்கள். தெரியாவிட்டாலும் பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். செலவுக்கு அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி: 1976இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ், பள்ளி மாணவர்களின் கண்களைச் சோதித்து இலவசக் கண்ணாடி வழங்கும் ஏற்பாடு உண்டு. பள்ளித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

இனி பிரேம். பிள்ளைகளுக்கு உடையும் கண்ணாடி லென்ஸ் கூடாது; எளிதில் உடையாத பாலிகார்பனேட் நன்று. மைனஸ் பவர் மிகுந்தவர்கள் அகலமான பிரேமை விரும்பினால் லென்ஸின் ஓரம் தடித்துக் கனக்கும். சிறிய பிரேமே அவர்களுக்கு அழகும் சுகமும். சகோதரிகள் வெளியே செல்லும்போது முக்காட்டை எப்படி அணிவீர்களோ அப்படியே அணிந்து பிரேமைப் போட்டுப் பார்க்க வேண்டும். தடித்த காம்பு துணிக்கடியில் அழுந்தினால் காதோரம் நோவெடுக்கும். தொழுகையாளிகள் கடையிலேயே ஒருமுறை நன்றாகக் குனிந்து பாருங்கள். வழுக்கி விழும் கண்ணாடி ஸஜ்தாவில் நெற்றிக்கும் தரைக்கும் இடையே வந்து நிற்கும். கழற்றி முன்னால் வைத்தாலோ, யாராவது மிதித்துவிடுவார்கள். அந்தக் காட்சி நாம் அறியாததா?

தூரத்திற்கும் கிட்டத்திற்கும் ஒரே கண்ணாடி வேண்டுவோர்க்குக் கோடு தெரியாத புரோகிரசிவ் லென்ஸ் உண்டு. பிரான்சில் பெர்னார் மெத்தனாஸ் உருவாக்கிய இவ்வகை லென்ஸ், 1959இல் வேரிலக்ஸ் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. வசதியானதே, விலையும் அதிகம். ஆயினும் அதன் கீழ்ப்பகுதி வாசிப்புக்கானது. அதன் வழியே படிக்கட்டைப் பார்த்தால் மங்கலாகத் தெரியும். ஈரமான ஹவுள் படியில் இறங்கும் பெரியவர்கள் கண்ணை மட்டும் தாழ்த்தாமல் தலையையும் நன்றாகத் தாழ்த்திப் பார்த்து இறங்கப் பழக வேண்டும். அடிக்கடி தடுமாறுபவர்க்கு, நடக்க ஒன்று, ஓத ஒன்று என இரு கண்ணாடிகளே பாதுகாப்பு.

கண்ணாடி கைக்கு வந்ததும் கடையைவிட்டு நீங்காமல் போட்டுக்கொண்டு நாலு அடி நடந்து பாருங்கள்; ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். புதுப் பவர் சில நாள் உறுத்தும். இரு வாரம் கடந்தும் தலைவலி நீங்காவிட்டால், சீட்டையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு சோதித்தவரிடமே திரும்பச் செல்லுங்கள்.